மண்வெட்டிக் காயம்

இது காங்கோ தேசத்தில், மூயோன்சி மேட்டில், பெம்பே சனங்களின் ஊர் ஒன்றில் நடந்தது. நடந்ததுதானா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும், நாம் ஊருக்குள் போவோம். ஊரின் பெயர் கிந்தாங்கா. அங்கே செத்துப்போனவர்களை அப்படியே போகட்டும் என்று விட்டுவிட மாட்டார்கள், அவர்களுக்கு ஒரு வீடு செய்து கொடுப்பார்கள், வீடு என்றால் ஓலையும் மண்ணும் அல்ல, ஒரு சாண் உயர மரப்பாவை. அதற்கு உடைந்த பீங்கான் சில்லில் வெள்ளைக் கண் பதித்து, அடியில் ஒரு துளை போட்டு, துளைக்குள் மருந்து வைத்துத் தக்கை அடித்துவிட்டால், செத்தவர் வந்து அதில் குடியேறி, வீட்டு மாடத்தில் இருந்துகொண்டு பிள்ளைகுட்டிகளைப் பார்த்துக்கொள்வார். சரி, இத்தனை பாவைகளில் எது தன்னுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வயிற்றை வைத்துத்தான். மார்பிலிருந்து அடிவயிறு வரை கத்தியால் கீறி ஆற வைத்த கோடுகள் அங்கே எல்லோருக்கும் உண்டு, ஒருவர் கோடு இன்னொருவருக்கு இராது, அதே கோடுகள் பாவையின் வயிற்றிலும் இருந்தால் செத்தவர் தடவிப் பார்த்துவிட்டு, ஆமாம், இது நான்தான் என்று உள்ளே போய்விடுவார்.

அந்த ஊரில் பாவை செதுக்குகிறவன் மூயாபி. முகத்துக்கு அவனுக்கு அரை நாள் போதும், வயிற்றுக்கு ஐந்து நாள் எடுப்பான். அவனுடைய அம்மாதான் உயிரோடு இருந்தவரை ஊருக்கே கோடு கீறியவள், அவள் மனித வயிற்றில் கீறியதை மகன் மர வயிற்றில் கீறினான், ஐம்பது வயதாகியும் கல்யாணம் கட்டவில்லை, ஏன் என்று கேட்டுக் கேட்டு ஊருக்கும் அலுத்துவிட்டது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், மரமேறிக் கள் இறக்கும் மிலாண்டுவின் மனைவி லூசோலோ காய்ச்சலில் செத்துப்போனாள். புதைத்த மறுவாரம் மிலாண்டு மூயாபியின் பட்டறைக்கு வந்து, மரம் செதுக்கும் வாய்ச்சியையும் செதிள்களையும் ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். இருவரும் கூடப்பிறக்காத அண்ணன் தம்பி, மிலாண்டுவின் மகள் மதொண்டோ மூயாபியைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"சொல்லு அண்ணே, நான் மனசுல வாங்கிக்கறேன்" என்றான் மூயாபி.

மிலாண்டு கண்ணை மூடிக்கொண்டு ஈர மண்ணில் கட்டைவிரலால் வரைந்தான். "நடுவுல சாஞ்ச கட்டம் ஏழு. வலப்பக்கம் ஏழு. இடப்பக்கம் அஞ்சுதான். ஆறாவது கீறப்போற நேரத்துல அவளுக்குக் காய்ச்சல் வந்து, உங்க அம்மா கத்தியைக் கீழ வச்சுட்டாங்களாம், அப்புறம் அது அப்படியே நின்னுபோச்சு." விரல் இன்னும் கீழே போயிற்று. "தொப்புளுக்கு நாலு விரக்கடை கீழ..." என்று மண்ணில் வைத்தவன் விரலை எடுத்துவிட்டான். "இல்ல, அது கோடு இல்ல. காயம். கல்யாணமாகி ஆறாம் வருஷம் மண்வெட்டி பட்டது. அதை விட்டுடு."

"விட்டுடறேன் அண்ணே."

வாய் கூசாமல் சொன்னான். சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக் கல்லில் தீட்டத் தொடங்கினான்.

மண்வெட்டியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய வெயில்காலம் ஒன்றில், மதொண்டோவுக்கு நாலு வயசு நடந்த வருஷம், மரவள்ளிக்கிழங்கு ஊறப்போடும் குளத்துக்குப் போன லூசோலோவும் அந்தப் பக்கம் மரம் பார்க்கப் போன மூயாபியும் ஒரு நாள் பேசினார்கள், மறுநாளும் பேசினார்கள், அதற்கப்புறம் பேச்சோடு நிற்கவில்லை. அந்தக் காலம் முடிகிற கடைசிப் பகலில் அவள், "என் வயித்துல எல்லாம் உங்க அம்மா கை. உன் கை ஒண்ணுகூட இல்லையே" என்றாள். வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் அவன் அதற்கு முன்பே சொல்லியிருப்பான். சின்னக் கோடு, நிலக்கடலைப் பருப்பு அளவு, மெதுவாகத்தான் கீறினான். அது ஆறுவதற்குள் அவள் வருவதை நிறுத்திவிட்டாள், அதற்குப் பின் இருபத்திரண்டு வருஷமும் வாசலில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பாள், அவ்வளவுதான்.

அந்தக் கோட்டைப் பாவையில் வைக்க அவனுக்குக் கை வராமலில்லை, தடுத்தது வேறு. பெம்பே சனங்களிடம் கை சொல்லுதல் என்று ஒரு வழக்கம் உண்டு: மருந்து வைக்கிற அன்றைக்குச் செதுக்கியவன் எல்லோர் முன்னாலும் கத்தி முனையால் ஒவ்வொரு கோட்டையும் தொட்டு, இது இன்னார் கை, இது இன்னார் கை என்று கீறியவரின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தக் கோட்டைத் தொட்டு யார் பெயரைச் சொல்வான்? ஒரு கோடுதானே, அவளுக்குத் தெரியாதா தன் வயிறு, இது ஒன்று குறைந்தால் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மிலாண்டு சொன்னபடி ஏழு, ஏழு, ஐந்து செதுக்கி, எல்லாம் என் அம்மா கை என்று சொல்லிக் கொடுத்தான். மருந்து வைக்கும் சுமுப் பெரியவர் தக்கையை அடித்தார். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நாலாம் நாள் காலையில் மதொண்டோ பெருக்கலாம் என்று வெளியே வந்தால், அவள் அம்மா முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள், புதைத்த அன்று கட்டிய அதே நீலத் துணி, வலதுகை அடிவயிற்றில்.

"ஏம்மா வெளிய நிக்கற? உள்ள வா" என்றாள் மதொண்டோ.

லூசோலோ வாசல்வரை வந்தாள், உள்ளே மாடத்திலிருந்த பாவையை எட்டிப் பார்த்தாள், யாரோ தெரியாதவர்கள் வீட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள், திரும்பப் போய் முற்றத்தில் நின்றுகொண்டாள். பேசவில்லை. கையை மட்டும் அடிவயிற்றைவிட்டு எடுக்கவில்லை.

ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? அலறினதா, ஓடினதா? அதெல்லாம் ஒன்றுமில்லை, வந்து பார்த்தது, யோசனை சொல்ல ஆரம்பித்தது. வாசல் குறுகல் என்று ஒருவர் சொன்னார், நிலையைப் பெயர்த்து அகலமாக்கினார்கள், அவள் வரவில்லை. வயிற்றில் கை வைத்திருக்கிறாளே, பசிதான் என்று ஒருத்தி கிழங்குக்களியை இலையில் கட்டிக் கொண்டுவந்தாள், அதைக் கோழிகள் தின்றன. செத்துப்போனவளுக்கு என்ன பசி, வயிற்றுக்கடுப்பாக இருக்கும் என்று இன்னொருத்தி கஷாயம் வைத்தாள். உயிரோடு இருக்கும்போது அவள் உட்கார்ந்த இடத்தில் சும்மா இருந்தவள் இல்லையே என்று யாரோ ஒரு முறம் நிலக்கடலையை முன்னால் வைக்க, அவள் இடதுகையாலேயே அத்தனையும் உடைத்துப் பருப்பு தனியாக, தோல் தனியாகக் குவித்துவிட்டாள். அதற்கப்புறம் பாருங்கள், ஊரில் கடலை வைத்திருந்தவர்கள் எல்லோரும் காலையில் மிலாண்டு முற்றத்தில் மூட்டையை இறக்கிவிட்டுச் சாயங்காலம் எடுத்துப்போனார்கள், அவசரம் என்றால் சொல்லிவிட்டும் போனார்கள். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மா எல்லோருக்கும் போட்டுவிட்டு லூசோலோவிடம் வந்து பெயர் கேட்டாள், மதொண்டோ சொன்னாள், வயது கேட்டாள், சொன்னாள், எப்போது இறந்தார்கள் என்று கேட்டாள், அதையும் சொன்னாள், நர்ஸம்மா ஏட்டைப் புரட்டி இடம் தேடிவிட்டு, "அடுத்த தடவை வரும்போது பாத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டாள்.

ஒரு மாதம் போனது. சுமுப் பெரியவர் வந்து முற்றத்தைச் சுற்றி நடந்தார், பாவையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், சொன்னார்: "மருந்து சரியா இருக்கு. வயிறுதான் தப்பு."

அந்த ஒரு வார்த்தை போதாதா? வயிறு தப்பு என்றால் சொன்னவன் தப்பாகச் சொல்லியிருக்கிறான். சொன்னவன் யார்? மிலாண்டு. இருபத்தெட்டு வருஷம் கூடப் படுத்தவனுக்குப் பெண்டாட்டி வயிறு தெரியவில்லை, பனை உச்சியிலேயே இருந்தவன் வீட்டை எங்கே பார்த்தான், கள்ளு முட்டியின் வயிறு என்றால் தெரிந்திருக்கும் என்று குளக்கரையில் பேச்சுக் கிளம்பி, கள் குடிக்கிற இடத்துக்கு வந்து, அவன் காதுபடவே பேசுகிற அளவுக்கு ஆகிவிட்டது. கூடக் குளித்த பெண்கள் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். இடுப்பில் துணியோடு குளிக்கிறவர்கள் தொப்புளுக்கு மேலே பார்த்ததைத்தானே சொல்ல முடியும்: இடப்பக்கம் ஆறு என்றாள் ஒருத்தி, நடுவில் எட்டு என்றாள் ஒருத்தி. மூயாபி எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டான். எட்டு வைத்து இரண்டாவது பாவை செதுக்கினான், லூசோலோ எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஆறு வைத்து மூன்றாவது செதுக்கினான், அதற்கு அவள் வாசல்வரைகூட வரவில்லை. அத்தனையும் தப்பு என்று தெரிந்தே ஒரு மனுஷன் ஐந்து ஐந்து நாளாக உட்கார்ந்து செதுக்கினான், அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது.

மூன்றாவதும் தோற்ற அன்று ஊர் கூடியிருந்தபோது மிலாண்டு தயங்கித் தயங்கி வாயைத் திறந்தான். "தொப்புளுக்குக் கீழ ஒரு காயம் இருந்துச்சு. மண்வெட்டி பட்டது. ஒருவேளை அதுவோ?"

"காயத்தைப் பாவையில வைக்கற வழக்கம் எங்கப்பா இருக்கு?" என்றார் சுமு. "கை சொல்லணுமே. மண்வெட்டிக்கு என்ன பேரு சொல்லுவ?"

எல்லோரும் சிரித்தார்கள். மிலாண்டுவும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான். மூயாபிக்கு அந்த இடத்தில், இதோ இப்போது, எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது, அவன் குனிந்து மூன்றாவது பாவையைத் துணியில் சுற்றினான். முற்றத்தில் லூசோலோ கடலை உடைத்துக்கொண்டிருந்தாள், அவன் பக்கம் திரும்பவில்லை. அவள் ஒருமுறை முறைத்துப் பார்த்திருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் மிலாண்டு மரமேறுவதை விட்டுவிட்டான். ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்து, செதிள்களின் மேல் உட்கார்ந்து, மண்ணில் கட்டைவிரலை வைத்தான், வரையவில்லை.

"தம்பி, எனக்கு மறந்துபோச்சுன்னு நினைக்கறேன். முன்னெல்லாம் கண்ணை மூடினா விரல் தானாப் போகும். இப்ப அஞ்சா ஆறான்னு விரல் நிக்குது. எல்லாரும் சொல்றாங்களே, பொய்யா சொல்லுவாங்க? நான்தான் சரியா பாக்கலை போல. இருபத்தெட்டு வருஷம் வேற எவளோ ஒருத்தி வயித்தை நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"அப்படியெல்லாம் இல்ல அண்ணே."

"உனக்கு என்ன தெரியும்" என்றான் மிலாண்டு, கோபம் இல்லாமல்தான் சொன்னான்.

மூயாபி அன்றைக்குச் சோறு தொடவில்லை. ஒருவன் மனைவியை ஒருமுறை எடுத்தது போதாதென்று, அவள் செத்தபின் அவன் மனசிலிருந்தும் அவளைக் கோடு கோடாக எடுத்துக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்தான். வெட்கமாக இருந்தது. அதைவிட வெட்கம், இத்தனைக்குப் பிறகும் பயம்தான் பெரிதாக இருந்தது.

அதற்குள் மழை நின்று பனிமூட்டக் காலம் வந்துவிட்டது. வீடு கிடைக்காத செத்தவர்கள் மூட்டத்தோடு போய்விடுவார்கள், போனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பத் தெரியாது என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முதல் மூட்டத்தில் லூசோலோவின் நீலத்துணி வெளுத்தது. இரண்டாவதில் அவள் முன்னால் வைத்த கடலையில் பாதி உடையாமல் கிடந்தது. மூன்றாவதில் ஆட்டுக்குட்டி ஒன்று அவள் நிற்கிற இடத்தின் ஊடே நடந்து போயிற்று, மதொண்டோ அதைப் பார்த்துவிட்டு நேரே பட்டறைக்கு வந்தாள்.

"சித்தப்பா, இன்னும் ரெண்டு மூணு நாள்தான் அம்மா. நீங்க ஏதாவது செய்யுங்க. அப்பா சாப்பிடறதில்ல. அம்மா போயிட்டா என்னாலதான் போனான்னு அவரும் போயிடுவாரு."

மூயாபி ஐந்து நாள் எடுக்கவில்லை. இரண்டே நாளில் நாலாவது பாவையை முடித்தான். ஏழு, ஏழு, ஐந்து, கீழே கடலைப் பருப்பு அளவு ஒரு கோடு. அதைச் செதுக்கும்போது கை நடுங்கவே இல்லை, அந்தக் கைக்கு அந்த வழி நன்றாகவே தெரிந்திருந்தது. செதுக்கும்போதே ஒரு பொய்யும் தயாராகிவிட்டது. கோடு கீறியது ஊரெல்லாம் அம்மாதானே, இதையும் அம்மா தலையில் போட்டால் என்ன? செத்தவளா வந்து இல்லை என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தான். நாம் சொல்லிக்கொண்டிருக்கிற கதையில் அதை நினைக்க அவனுக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள்.

மறுநாள் காலையில் மூட்டம் முட்டி உயரத்துக்கு நின்றது. ஊர் முழுக்க மிலாண்டு முற்றத்தில் இருந்தது. லூசோலோ இருந்தாள் என்று சொல்வதைவிட, அவள் நின்ற இடத்தில் மூட்டம் கொஞ்சம் கனமாக இருந்தது என்று சொல்லலாம். சுமு துளைக்குள் மருந்தை வைத்து, தக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, "கை சொல்லு" என்றார்.

மூயாபி கத்தி முனையால் நடுவரிசையைத் தொட்டான். "ஏழு கட்டம். என் அம்மா கை." வலப்பக்கம் தொட்டான். "ஏழு. என் அம்மா கை." இடப்பக்கம். "அஞ்சு. என் அம்மா கை." பிறகு கீழே போனான்.

"அது என்ன?" என்றான் மிலாண்டு. "அது காயமாச்சே தம்பி."

"காயம் இல்ல அண்ணே. கோடுதான்." கத்தி முனையால் அதையும் தொட்டான். "இதுவும் என் அம்மா கை."

அத்தனை நாளில் முதல்முறையாக லூசோலோ அடிவயிற்றிலிருந்து கையை எடுத்தாள். வாசலுக்கு வந்தாள், மாடத்துக்கு முன்னால் சுமு ஏந்தியிருந்த பாவையைப் பார்த்தாள், வலதுகாலை உள்ளே வைத்தாள். மதொண்டோ வாயைப் பொத்திக்கொண்டாள். இடதுகால் வரவில்லை. ஒரு கால் வீட்டிலும் ஒரு கால் மூட்டத்திலுமாக அவள் நிலைப்படியில் நின்றாள், மூட்டத்தில் இருந்த கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைய ஆரம்பித்தது.

"எதிலயோ ஒண்ணுல பொய் இருக்கு" என்றார் சுமு. "சீக்கிரம் சொல்லுங்க, நேரமில்ல."

மிலாண்டுதான் முன்னால் வந்தான், கூட்டத்தைப் பார்க்காமல், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "பொய் என்னோடதாத்தான் இருக்கும். நான் சொன்னதுல எதுவோ தப்பு. மாத்திடு தம்பி. அஞ்சு இல்ல போல, ஆறுன்னே வச்சுடு. அவ உள்ள வந்தா போதும், நான் தப்புன்னே இருக்கட்டும்."

அங்கேதான் மூயாபிக்கு உடைந்தது. ஊர் சிரித்தபோது உடையாதது, மதொண்டோ கெஞ்சியபோது உடையாதது, அந்த மனிதன் தனக்குச் சரியாகத் தெரிந்த ஒன்றைத் தப்பென்று ஒத்துக்கொண்டபோது உடைந்தது.

"இல்ல அண்ணே. அஞ்சு சரி. ரெண்டு ஏழும் சரி. நீ சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்ல, முதல் நாள்ல இருந்தே தப்பில்ல." கத்தி முனையைக் கீழே இருந்த சின்னக் கோட்டில் வைத்தான். "இது என் கை. வேற யார் கையும் இல்ல. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி, கிழங்குக் குளத்துல. என் கை."

இடதுகால் உள்ளே வந்தது. அவ்வளவுதான், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. லூசோலோ அவன் பக்கத்தில் உரசுகிற அளவு நெருக்கத்தில் கடந்து போனாள், திரும்பவில்லை, மாடத்தை நோக்கிப் போகப் போகச் சிறுத்து, சிறுத்து, ஒரு சாண் ஆனாள். சுமு தக்கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். முற்றத்தில் கடலைத் தோல்கள் மட்டும் கிடந்தன.

ஊருக்குக் கலைந்து போகவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. பேசிப் பேசி மிலாண்டுவின் மானத்தை வாங்கியவர்கள் எல்லோரும் தங்கள் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதொண்டோ சித்தப்பா என்று கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் உள்ளே போய்விட்டாள்.

மிலாண்டு பாவையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கட்டைவிரலால் தடவினான். "ஏழு" என்றான். "ஏழு." விரல் நிற்காமல் இடப்பக்கம் போயிற்று. "அஞ்சு." அவன் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு நிம்மதி வந்தது, எல்லாம் அவனிடமே இருந்திருக்கிறது, ஒன்றும் தொலையவில்லை. பிறகு விரல் கீழே வந்து சின்னக் கோட்டின் மேல் நின்றது, வெகுநேரம் அங்கேயே நின்றது.

"இதைத் தொடும்போதெல்லாம் வலிக்குதான்னு கேப்பேன்" என்றான். "இருபத்திரண்டு வருஷமும் கேட்டேன். வலிக்கலைன்னுதான் சொன்னா."

மூயாபி மண்ணில் உட்கார்ந்திருந்தான். அடிப்பான் என்று நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். மிலாண்டு எழுந்து பாவையை மாடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுத் திரும்பி வந்து அவன் முன்னால் நின்று, சட்டைப் பொத்தானை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். சட்டையைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"நல்லாப் பாத்துக்க தம்பி" என்றான். "எனக்குச் செதுக்கற காலம் வந்தா நீ யாரையும் கேக்க வேண்டியதில்ல. எல்லாம் உங்க அம்மா கைதான். வேற யாருக்கும் தெரியாதது எதுவும் இதுல இல்ல. எண்ணிக்க."

மூயாபி தலையைத் தூக்கி, அழுதுகொண்டே, மேலிருந்து கீழாக எண்ணினான். ஒரு கோடுகூட விடவில்லை.